கேரியரில் ஏறியவள்

எமர்ஜென்சி முடிந்த வருஷம். அடுத்த தை மாதம் அண்ணாமலையைச் சுற்றி ஒரு சைக்கிள் பந்தயம் நடத்தப்போவதாக எங்கள் தெரு இளைஞர் மன்றம் நோட்டீஸ் ஒட்டியது. நாற்பது வயசு தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவாம். அதில் முதலாவதாக வரப்போவது நான்தான் என்று தாலுகா ஆபீஸில், டீ வருகிற நேரத்தில், எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் செய்தி என் காதிலேயே விழுந்தது.

என் பெயர் வேடியப்பன். குமாஸ்தா. தினமும் ஆபீஸுக்குச் சைக்கிளில்தான் போகிறேன். மேடு வந்தால் மூச்சு வாங்கும், இறங்கித் தள்ளுவேன். பள்ளம் வந்தால் பயமாக இருக்கும், இறங்கித் தள்ளுவேன். சமதரையில் எதிரே பஸ் வந்தால் கேட்கவே வேண்டாம். மொத்தத்தில் அது எனக்கு வாகனம் இல்லை. கூடவே நடந்து வரும் ஒரு நண்பன்.

பந்தயத்துக்குப் பழக வேண்டும். வெளியே பழகினால் ஊர் பார்க்கும். போதாததற்கு ஐப்பசி மழை விடாமல் அடித்தது. என்ன செய்வது என்று முழித்துக்கொண்டு இருந்தபோதுதான் செங்கம் ரோட்டில் அந்த வெள்ளைக்காரரைப் பார்த்தேன். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்தவர். வராந்தாவில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். வேர்த்துக் கொட்டியது. ஆனால் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். பின்பக்கத்தை ஓர் இரும்புத் தாங்கி தரையிலிருந்து தூக்கிப் பிடித்திருந்தது. பின் சக்கரம் ஒரு உருளைமேல் அழுந்திச் சுற்றியது. உருளையை ஒரு திருகால் நெருக்கினால் மேடு, தளர்த்தினால் சமதரை. இதற்கு நல்ல சக்கரத்தைப் போட்டால் டயர் தேய்ந்து போகும், பழைய பின் சக்கரம் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு மாட்ட வேண்டும் என்று பாதி இங்கிலீஷிலும் பாதி கையாலும் விளக்கினார். எனக்கு இங்கிலீஷ் புரியவில்லை. கை புரிந்தது.

பக்கத்து வீட்டு சாந்த் பாஷா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போனேன்.

"பாய், ஒரு பழைய பின் சக்கரம் வேணும். ஃப்ரீவீலோட."

"வண்டிக்கு இன்னா ஆச்சு சார்?"

"வண்டி நல்லாதான் இருக்குது. இது வீட்டுக்குள்ள ஓட்டறதுக்கு."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கடையின் பின்னால் போய், துருப்பிடித்த சாமான்களுக்கு நடுவிலிருந்து ஒரு சக்கரத்தை உருவிக்கொண்டு வந்தார். மொட்டை டயர். கம்பிகள் கறுத்திருந்தன. அதை ஒரு வண்டியின் பின்கவையில் மாட்டிச் சுற்றிவிட்டார். கோட்டம் கொஞ்சமும் இல்லை. பாய் கையை எடுத்த பிறகும் அது சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னொரு வண்டிக்குக் காற்று அடித்து முடித்துவிட்டு வந்தார். அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது.

"யாரோட சக்கரம் பாய்?"

"தெரியல சார். பழைய சாமானோட வந்துச்சு. இத்தினி நாளு யாரும் கேக்கல."

சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். என் மனைவி சந்திரகலா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, சக்கரம் மட்டும் வருது? மீதி வண்டி எங்க?"

"மீதிக்கு நம்ம வண்டிதான். இது ஸ்பேர்."

"இதை மாட்டினா வேகமா போவுமா?"

"போவாது. பின்கட்டு ரூம்ல அப்படியே நிக்கும். நான் மிதிப்பேன்."

"எது வரைக்கும்?"

"எதுவரைக்கும் இன்னா? நின்ன இடத்துலதான்."

முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து என் நெற்றியில் கைவைத்தாள்.

"ஜுரம் கூட இல்லியே," என்றாள் கவலையோடு.

தாங்கியை வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கினேன். உருளைக்கு இரும்பு கிடைக்கவில்லை. ஆசாரியிடம் சொல்லி மரத்தில் கடைந்து வாங்கினேன். பின்கட்டு ரூமில் புளிப்பானையையும் விறகையும் ஒதுக்கிவிட்டு வண்டியை ஏற்றினேன். நல்ல சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன். ஸ்பேர் சக்கரத்தைக் கவையில் நுழைத்து, செயினைப் பல்லில் மாட்டி, நட்டுகளை ஸ்பேனரால் முறுக்கினேன். உருளையை டயரில் படும்படி நெருக்கினேன். எல்லாம் முடிந்து ஏறி உட்கார்ந்தபோது எதிரே சின்ன ஜன்னல். ஜன்னலில் மலை தெரிய வேண்டும். மேகம் இறங்கி மலையே இல்லாமல் இருந்தது.

மிதித்தேன். மர உருளை மெல்ல ஒரு சத்தம் போட்டது.

ம்ம்ம்ம்.

வாயைப் பொத்திக்கொண்டு யாரோ அழுகிற சத்தம். நான் நிறுத்தினால் நிற்கும். மிதித்தால் அழும். வேகமாக மிதித்தால் விம்மும்.

"யாருங்க அது ரூம்ல?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் சந்திரகலா.

"நான்தான்."

"கூட யாரு?"

"யாருமில்லையே! ஏன் கேக்கற?"

அவள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு முதுகில் லேசாகச் சில்லிட்டது. மழைக்காலம், சில்லிடத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம். நான் மிதித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று. ஜன்னல் மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. இருட்டில் மிதிப்பதும் ஒரு பயிற்சிதான் என்று விடாமல் மிதித்தேன். திடீரென்று பெடல் கனத்தது.

உருளையின் திருகை யாரும் தொடவில்லை. ஆனால் வண்டி கனத்துவிட்டது. எப்படிச் சொல்வது? ஓடுகிற வண்டியில் பின்னாலிருந்து ஒருவர் தாவி ஏறினால் கைப்பிடி வரைக்கும் ஒரு அழுத்தம் வருமே, அது. கேரியர் மெல்ல "கிறீச்" என்றது. என் பிடரிக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

"சந்திரா?" என்றேன்.

"இங்க இருக்கேன்," என்ற குரல் வாசல் பக்கமிருந்து வந்தது. "சிம்னி விளக்கு தேடறேன். ஏங்க?"

திரும்பிப் பார்த்தேன். கேரியர் காலி. பயிற்சி எடுக்க உட்கார்ந்தவன் பயத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

இதை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. எதற்கும் சிரிப்பவள் அவள்.

"இனிமே அந்த ரூமைப் பூட்டியே வையுங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றாள்.

பூட்டினேன். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு ஆபீஸுக்குப் போனேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து, வண்டி ரூமுக்குள் பூட்டிக் கிடந்ததால் நடந்தே வந்து, நனைந்த காலோடு உள்ளே நுழைந்தேன். வீடு அமைதியாக இருந்தது. சந்திரகலா கூடத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

டிக்டிக்டிக்டிக். சைக்கிளின் ஃப்ரீவீல் சுற்றுகிற சத்தம். பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து.

அரைஞாண் கயிற்று முடிச்சு அவிழ மாட்டேன் என்றது. ஒருவழியாகத் திறந்தேன். ரூமில் யாருமில்லை. சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கம்பிகள் ஒன்றோடொன்று கலந்து பனி மாதிரி தெரிந்தன. என் கண் முன்னாலேயே வேகம் குறைந்தது. நின்றது. நின்றதும் கொஞ்சம் பின்னால் சுற்றியது. அதோடு பெடலும் லேசாகப் பின்னால் போயிற்று, அதுவரை மிதித்த கால் இறங்கிப் போன மாதிரி.

"சந்திரா!"

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். சக்கரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்க சுத்திவிட்டீங்களா?"

"நான் இப்பதான் திறக்கறேன்!"

"அப்ப யாருங்க?" என்றாள் மிகவும் தாழ்ந்த குரலில்.

அன்று சோற்றை அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டாமல் உட்கார்ந்து தின்றேன். சாயங்காலம் பாயின் வீட்டம்மா குர்ஷித் பேகம் வந்தார். நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ரூம் வாசலிலேயே நின்று, முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு, சக்கரத்தை எட்டிப் பார்த்தார்.

"இதையா தம்பி எடுத்தாந்த? உங்க பாய்க்கு மறதி ஜாஸ்தி. யாருதுன்னு எனக்கில்ல தெரியும்."

"யாருதுக்கா?"

"போளூர் பக்கத்து ஆளு ஒருத்தன். பொண்டாட்டியை கேரியர்ல ஏத்தினு மலை சுத்துவானாம். அவ சளசளன்னு பேசினே வருவாளாம். ஒரு நாளு பாதி வழில பேச்சு நின்னுபோச்சு. அவன் திரும்பிப் பாத்தான். கேரியர்ல ஆளே இல்ல."

"விழுந்துட்டாளா?"

"விழுந்தா ரோட்ல கிடக்கணும் இல்ல? தேடாத இடமில்ல. கிடைக்கவே இல்ல தம்பி. அவ இன்னும் பாதி வழிலதான் கீறா. மீதி சுத்தை முடிக்கணும்னு இந்தச் சக்கரம் சுத்தறப்பல்லாம் ஏறிக்கிறா."

நான் கதவை இழுத்துச் சாத்தினேன். "சக்கரத்தைத் திருப்பிக் குடுத்துடறேன்க்கா."

"குடுத்தா? சக்கரம் எங்க வீட்டுக்கு வரும். அவ உன் வீட்லயே இருப்பா. பழகிட்டா இல்ல."

"வேற வழி?"

அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "அந்தச் சக்கரத்தையே மாட்டினு ஒரு சுத்து போய் வரணும். கேரியர்ல உயிரோட இருக்கிற பொம்பளை ஒருத்தி உட்காரணும். துணைக்கு ஆள் இருந்தா அவளும் பக்கத்துல உட்காந்து வந்துடுவா. சுத்து முடியற ஈசானியக் கோவில் வந்ததும் இறங்கிப் போயிடுவா. ஆனா நீ அது வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. திறந்தியோ..."

"திறந்தா?"

"இப்பவே மூடு."

சந்திரகலாவின் காலில் விழாத குறை.

"பேய்கூட கேரியர்ல பங்கு போட்டுனு உட்காரணுமா? நான் மாட்டேன்," என்றாள். "எங்கம்மா என்னை அதுக்கா பெத்தாங்க?"

"உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா சந்திரா?"

"பந்தயத்துல ஜெயிப்பேன்னு யாரைக் கேட்டுச் சொன்னீங்க? அவங்களை உட்காரச் சொல்லுங்க."

கெஞ்சினேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். கடைசியில் அவள் மனசு இறங்கியது. அவ்வளவு நல்ல மனசு அவளுக்கு என்று அன்றைக்கு நெகிழ்ந்து போனேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பினோம். மழை விட்டிருந்தது. மலை உச்சியில் மேகம் ஈரத்துணி மாதிரி கிடந்தது. மொட்டை டயர் ஈர ரோட்டில் வழுக்கியது. சந்திரகலா பின்னால் ஒருக்களித்து ஏறி உட்கார்ந்தாள். ஏறியதும் பேச ஆரம்பித்தாள்.

"நீங்க பேசக் கூடாதுங்க, ஞாபகம் இருக்கட்டும். நான் பேசலாம். அக்காகிட்ட கேட்டுட்டேன்."

நான் தலையை ஆட்டினேன்.

"தலையாட்டறதும் பேச்சுதான். ஆட்டாதீங்க. ஏங்க, உங்க கூடப் பொறந்த அக்கா போன தீபாவளிக்கு எனக்குக் குடுத்த புடவை அவங்களுக்கு வேற யாரோ குடுத்தது, தெரியுமா? தெரியாதா? நீங்க பதில் சொல்ல மாட்டீங்க. நான் சொல்றது சரிதான்னு அர்த்தம். உங்கம்மா சமையலை விட என் சமையல் நல்லா இருக்குது இல்ல? சும்மா இருக்கீங்க. அதுவும் சரிதான்."

கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் தீராமல் கிடந்த அத்தனை வழக்கும் ஆசிரமத்தைத் தாண்டுவதற்குள் அவள் பக்கம் தீர்ப்பாகிவிட்டது. செங்கம் ரோட்டை விட்டுத் திரும்பினோம். மலையின் மேற்குப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை. புதரும் பாறையும்தான். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அவளுடைய பேச்சுச் சத்தம் ஒன்றுதான் எனக்குத் தைரியம். அவள் திட்டுவதைக் கேட்க அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறில்லை.

ஆதி அண்ணாமலையில் அவள் பிறந்த வீட்டுத் தெருமுனை வந்தது.

"ஏங்க, நிறுத்துங்க. கேரியர் கம்பி குத்துது. சாக்கு வாங்கிப் போட்டுக்கறேன். காலை ஊணிக்கினு அப்படியே இருங்க. திரும்பாதீங்க!"

ஒரு கல்லில் காலை ஊன்றி, எதிரே இருந்த வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் காலடிச் சத்தம் வந்தது. வண்டி குலுங்கியது. கயிறு இழுபடுகிற சத்தம். சாக்கை இவ்வளவு கெட்டியாகவா கட்டுவது என்று நினைத்தேன். வண்டி மறுபடியும் கனத்தது.

"போலாம்," என்றாள் சந்திரகலா.

மிதித்தேன்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

முதலில் நிம்மதியாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் உறைத்தது. பாதி வழி. பேச்சு நின்றுவிட்டது. போளூர் ஆளுக்கும் இப்படித்தானே! கேரியர் காலியாகிவிட்டதா? இல்லை, கனம் இருக்கிறது. முன்னைவிட ஜாஸ்தியாகவே இருக்கிறது. அப்படியென்றால் உட்கார்ந்திருப்பது யார்?

ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு குழியிலும் பின்னால் ஒரு சத்தம் எழுந்தது. சரசர. சரசர. ஒரு கூட்டம் பெண்கள் காதோடு வாய் வைத்துக் குசுகுசுப்பதைப் போல. நான் நிறுத்தினால் குசுகுசுப்பும் நின்றது. கூப்பிடவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அழலாமா என்று அக்காவிடம் கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேன்.

ஒரு மேட்டில் கால் ஓய்ந்து போயிற்று. பாதையைப் பார்த்தபடியே இறங்கித் தள்ளினேன். புருஷன் நாக்குத் தள்ளத் தள்ளுகிறான், நல்ல பெண்டாட்டியாக இருந்தால் இறங்கி நடப்பாள். பின்னால் இருந்தது இறங்கவில்லை. என் சட்டை முதுகில் சொரசொரவென்று ஏதோ உரசியது. நகமா? அருணாசலா, அருணாசலா என்று மனசுக்குள்ளேயே கத்திக்கொண்டு தள்ளினேன். வழியில் குபேர லிங்கக் கோவிலைத் தாண்டும்போது என் கால் தரையில்தான் படுகிறதா என்றே தெரியவில்லை.

மறுபடி ஏறி மிதித்தேன். ஈசானியத்துக் கோவில் விளக்கு தூரத்தில் தெரிந்தது. உயிர் வந்தது. இன்னும் கொஞ்சம்தான். போளூர்க்காரி இறங்கிப் போய்விடுவாள். என் சந்திரா எனக்குத் திரும்பிக் கிடைப்பாள்.

"ஏங்க, பாத்து வாங்க. பள்ளம்," என்றது சந்திரகலாவின் குரல்.

குரல் முன்னாலிருந்து வந்தது.

விளக்குக்கு அடியில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சந்திரகலா நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். என் பின்னால் கனம் அப்படியே இருந்தது. சரசர என்றது.

அதற்குமேல் எனக்கு நினைவிருப்பது வானம் மட்டும்தான். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். என்மேல் ஏதோ தொப்பென்று விழுந்து அமுக்கியது. முகமெல்லாம் ஏதோ வழிந்தது.

"தாயே, விட்டுடும்மா! தெரியாம சக்கரத்தை வாங்கிட்டேன்! என்னை விட்டுடு!"

"யாரை விடச் சொல்றீங்க?" என்றாள் சந்திரகலா. "அது மல்லாட்டை."

கண்ணைத் திறந்தேன். என்மேல் கிடந்தது ஒரு சாக்கு மூட்டை. வாய் அவிழ்ந்து ரோடெல்லாம் வேர்க்கடலை. பக்கத்தில் என் மச்சான் அருணகிரி தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் குர்ஷித் அக்கா, கையில் ஒரு பெரிய பையோடு.

"அடி பட்டுச்சா மாமா?" என்றான் அருணகிரி. "நாங்க வயக்காட்டு வழியா முன்னாடியே வந்துட்டோம். நீங்க தள்ளிக்கினு வந்தீங்களா, லேட்டாயிடுச்சு."

"சந்திரா! இதெல்லாம் இன்னா?"

"அறுப்பு முடிஞ்சி மூட்டை மூட்டையா கட்டி வெச்சிக் கீறாங்க எங்க வீட்ல. டவுன் மண்டிக்கு எடுத்தார இந்த மழைல ஒரு வண்டிக்காரனும் வர மாட்டேங்கிறான். விட்டா முளைச்சிடும். உங்களைக் கேட்டேன். ஒரு குமாஸ்தா மூட்டை தூக்கறதான்னீங்க. அப்பறம் பாத்தா தினமும் ரூம்ல உட்காந்து மாடு மாதிரி மிதிக்கறீங்க. அத்தனை மிதியும் வீணா போவுதேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது."

"பூட்டின ரூம்ல சக்கரம் சுத்திச்சே?"

"அந்தப் பூட்டுக்கு ரெண்டு சாவிங்க. உருளையைத் தளர்த்தி வெச்சிருந்தேன், நீங்க செருப்பு கழட்டற சத்தம் கேட்டதும் சுத்திவிட்டுட்டு, பூட்டிட்டு வந்து படுத்துட்டேன்."

"போளூர் ஆளு கதை?"

"நல்லா இருந்துச்சா தம்பி?" என்று ஆவலோடு கேட்டார் குர்ஷித் அக்கா.

"அப்ப அன்னிக்கு கரண்ட் போனப்ப? யாரோ ஏறி உட்காந்த மாதிரி வண்டி கனத்துச்சே? அது யாரு செஞ்சது?"

சந்திரகலா அக்காவைப் பார்த்தாள். அக்கா சந்திரகலாவைப் பார்த்தார். மலைப் பக்கமிருந்து ஒரு குளிர்ந்த காற்று வந்து கோவில் விளக்கை அசைத்துவிட்டுப் போயிற்று. கவிழ்ந்து கிடந்த வண்டியின் பின் சக்கரம் டிக், டிக் என்று மெதுவாகச் சுற்றியது.

"அது நாங்க இல்லியே," என்றார் அக்கா.

நான் சக்கரத்தை விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அது உங்க வயசுங்க," என்றாள் சந்திரகலா.

நான் மண்டியிட்டுக் கடலையைப் பொறுக்க ஆரம்பித்தேன். வேறென்ன செய்ய? அக்கா தன் பங்கைப் பையில் அள்ளிக்கொண்டார். அருணகிரி மூட்டையைத் திரும்பக் கட்டி, நான் கேட்காமலேயே என் கேரியரில் ஏற்றினான்.

"பந்தயத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி உண்டாங்க?" என்றாள் சந்திரகலா அன்பாக, என் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு. "நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே. காலைலயே போயிடலாம்."

"இன்னும் எத்தினி மூட்டை இருக்குது?" என்றேன்.

"அதெல்லாம் எதுக்குங்க உங்களுக்கு? திரும்பிப் பாக்காம மிதிங்க."